ரயில் மேட்டில் நிற்கும் லாரி

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மேடு தொடங்குகிற இடத்தில், பச்சை லாரி மறுபடியும் இருமத் தொடங்கியது. எல்வா மிதியை அழுத்தினாள். அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. கக்குவான் வந்த பிள்ளையைப் போல உடம்பைக் குலுக்கிக்கொண்டு நாலைந்து முறை முன்னால் பாய்ந்தது. சோக்கை இழுத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சதூரம் போக ஒப்புக்கொண்டது. பிறகு, போதும் என்று நின்றுவிட்டது.

பின்னால் லாரியின் சுமைத் தட்டு நிறையக் கோதுமை. முன்னால் தண்டவாளம், ஒரு லாரி நீளத்துக்கு அப்பால். தண்டவாளத்தின் மேலேயே நிற்காமல் போனதற்கு நன்றி சொல்லலாம். யாருக்குச் சொல்வது என்று யோசிக்கத் தெம்பில்லாமல் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழுகை வரவில்லை. அதெல்லாம் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இப்போது வருவது அலுப்பு மட்டும்தான். தூங்கி எழுந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாய் மாதிரி காத்துக் கிடக்கிற அலுப்பு.

தட்டில் இருந்த கோதுமை அவள் கணவன் மெர்வ் விதைத்தது. மே மாதக் கடைசியில், மழை தள்ளிப்போய் எல்லோரும் சலித்திருந்தபோது, தெற்கு வயலைக் கடைசியாக விதைத்தான். ஆகஸ்டில், அந்த ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில், உறைபனி விழுந்த ஒரு காலையில் கொட்டகையில் கலப்பைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எண்ணெய்க் குப்பி கையிலேயே இருந்தது. எல்வா தேநீர் ஆறுகிறதே என்று கூப்பிடப் போய்ப் பார்த்தாள்.

மாலி என்கிற குட்டை யூகலிப்டஸ் மரங்கள் மண்டிய அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. விதைத்தவன் அறுவடைக்கு முன்னால் போய்விட்டால், அக்கம்பக்கத்தார் தங்கள் பயிரை அப்படியே விட்டுவிட்டு முதலில் அவன் பயிரை அறுத்துக்கொடுப்பார்கள். யாரும் போய்க் கேட்பதில்லை. ஒரு காலையில் அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்து நிற்கும். பெண்கள் உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டியும் பழக் கேக்குமாக வந்து இறங்குவார்கள். எல்வாவுக்கும் வந்தார்கள். பெரிய வயல்கள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் மொட்டை ஆயின. தெற்கு வயல் மட்டும் தாழ்வான இடம், பிந்தி விதைத்தது, அன்றைக்கு இன்னும் பச்சையாக இருந்தது. அதை விட்டுவிட்டு எல்லோரும் தத்தம் வயலுக்குத் திரும்பினார்கள்.

இன்றைக்கு அது முற்றிவிட்டது. கிளெம் மட்டும் விடியலில் தன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். பக்கத்து நிலத்துக்காரன். வலது காது அவனுக்குப் பாதிதான். வெயில் தின்று புற்று வைத்ததை டாக்டர் வெட்டி எடுத்திருந்தார். மற்றக் காதின் கேட்கும் சக்தியை அறுவடை இயந்திரத்தின் இரைச்சல் பார்த்துக்கொண்டது. அவனுடைய சொந்தக் கோதுமை, வேலிக்கு அந்தப் பக்கம், பொன்னாக நின்றுகொண்டிருந்தது. வானொலி, பிற்பகலுக்கு மேல் மேற்கிலிருந்து இடிமழை என்று சொல்லியிருந்தது. முற்றிய கோதுமை நனைந்தால் கதிரிலேயே முளைக்கும். முளைத்தது பன்றிக்குத்தான் போகும்.

ஆகவே கணக்கு எளிது. லாரி ஓடினால் தெற்கு வயல் மழைக்கு முன் கிடங்குக்குப் போய்ச் சேரும், கிளெம் தன் வயலுக்குப் போவான். லாரி நின்றால் கிளெமின் இயந்திரத்துத் தானியத் தொட்டி நிறைந்து அதுவும் நிற்கும். மெர்வ் விதைத்ததும் கெடும், மெர்வுக்காக வந்தவன் விதைத்ததும் கெடும்.

கல்யாணமான வருஷத்திலிருந்து மெர்வ் அறுப்பான், எல்வா லாரி ஓட்டுவாள். எந்தக் கியரில் பல் நறநறக்கும், எந்தப் பள்ளத்தில் கதவு தானாகத் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கம். இத்தனை வருஷத்தில் அது வழியில் நின்றதில்லை. இந்த வருஷம்தான் நிற்கிறது.

"லாரிக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு போல" என்று, அக்கம்பக்கத்தார் அறுக்க வந்த முதல் நாளிலேயே அது நின்றபோது, கிளெம் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான்.

அந்த முதல் நாளிலிருந்து, அன்று குவித்த கோதுமையை அவள் லோடு லோடாக ஏற்றிப்போன நாளெல்லாம், ஆளாளுக்கு வைத்தியம் நடந்திருந்தது. அந்த ஊரில் ஒரு பெண் ஓட்டிய வண்டி நின்றுபோனால், வருகிற ஆண் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பெட்ரோல் இருக்கா? இருக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை. லாரியின் பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டதால் டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எடுத்து, ஈரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதற்குப் பிறகுதான் எஞ்சின் பக்கம் போவார்கள். கிளெம் அப்படித்தான் பார்த்தான். பார்த்துவிட்டுப் பிளக்குகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டது. "பிளக்கு. அவ்வளவுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டான். அடுத்த லோடு ரயில் மேட்டில் நின்றது.

பட்டறைக்கார நோயல் வந்தான். அவனும் குச்சியை விட்டுப் பார்த்தான். மூடி புதியதாக இருப்பதைக் கவனித்து, தன் கடையில் வாங்கியதுதான் என்று கண்டுகொண்டு, "நல்ல சாமான். ரப்பர் வளையம் வெச்சது. ஒரு துளி தூசி உள்ள போகாது" என்றான். பிறகு தீப்பொறிக்கான பாயிண்டைப் புதிதாகப் போட்டான். ஓடியது. அடுத்த லோடு ரயில் மேடு. இரண்டாம் தரம் வந்தபோது நோயலுக்குக் கோபம். கார்புரேட்டரையே கழற்றிக்கொண்டு வந்து, எல்வாவின் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பரப்பினான். மிதவையைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டான். அடியில் கொஞ்சம் செம்மண் இருந்தது. குட்டிப் பம்பு ஒன்றை எடுத்து, அதன் தோல் வளையம் வற்றல் மாதிரி காய்ந்திருப்பதை எல்வாவுக்குக் காட்டினான்.

"மிதிச்ச உடனே ஒரு வாய் பெட்ரோலை முன்கூட்டியே பீய்ச்சி விடுறது இதுதான். இது இப்படிக் கிடந்தா வண்டி திக்காம என்ன செய்யும்? இழுவை எங்கேருந்து வரும்?"

அது உண்மைதான். புதுத் தோல் போட்டதும் முற்றத்தில் மிதிக்கும்போது எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஏறியது. நோயல், குச்சியை ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு, ஊரைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக்கொண்டு வந்து சாவியை மேசையில் வைத்தான். ஒரு குறையும் இல்லை. அடுத்த லோடு ரயில் மேட்டில் நின்றது என்று எல்வா தொலைபேசியில் சொன்னாள். எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டான்.

கிடங்கில் கோதுமையைப் பரிசோதிக்க மாதிரி எடுக்கிற டெஸ், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்றான். அதற்கு மருந்து, துணி காயப்போடும் மரக் கிளிப்புகளைக் குழாய் நெடுகக் கவ்வ வைப்பது. அவன் அப்பா அப்படித்தான் செய்வாராம். எல்வா அதையும் செய்தாள். எஞ்சின் மூடியைத் திறந்தால் கம்பியில் குருவி உட்கார்ந்த மாதிரி கிளிப்புகள் வரிசையாக இருந்தன. மகள் ரோஸ்லின் அடிலெய்டிலிருந்து பேசும்போது இதைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அம்மா, அந்த லாரியைக் காயலான் கடைக்குப் போடு, நிலத்தைக் குத்தகைக்கு விடு, இங்கே வந்துவிடு என்றாள். அவள் வீட்டுப் பின்னறை காலியாக இருந்தது, சன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம் இருந்தது. அறுவடை முடியட்டும் என்று எல்வா சொன்னாள். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் ரயில் மேட்டில் ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிக்கிற நேரம் காத்திருந்தாள். சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதுதான் அதில் மிகவும் எரிச்சலான விஷயம். நோயாளி டாக்டரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிற மாதிரி.

கிடங்கில் டெஸ் மேடையிலிருந்து குழாயைக் கோதுமைக்குள் இறக்கி மாதிரி எடுத்தான். தானியத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, மெர்வ் நல்லா விதைச்சிருக்கான் என்றான். பிறகு மேற்கே பார்த்தான். அங்கே வானத்தின் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு எழும்பியிருந்தது.

"மழை விழுற வரைக்கும் திறந்து வெச்சிருப்பேன், எல்வா. அதுக்கு மேல என் கையில இல்ல. கிளெம்கிட்டயும் சொல்லிடு. அவன் பாவம், லாரி இல்லாம என்ன பண்ணப்போறானோ."

"எந்த லாரி இல்லாம?"

டெஸ் குழாயைக் கீழே வைத்தான். "அவன் லாரிக்கு அச்சு முறிஞ்சு நோயல் பட்டறையில கெடக்கு. பாகம் மெல்போர்னிலேருந்து வரணும். சொல்லலையா அவன்?"

கிளெம் சொல்லவில்லை. காலையில் வந்தான், தொப்பியைத் தொட்டான், இயந்திரத்தில் ஏறினான். அறுத்து என்ன செய்யப் போகிறான்? தரையில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடுவான். ஓரங்களில் தண்ணீர் புகும். புகுந்தால் புகட்டும் என்று இவள் வயலுக்கு வந்திருக்கிறான்.

எல்வா தட்டைக் கவிழ்த்தாள், எடை போட்டாள், வெளியே வந்தாள். ஊர் முனையில் பெட்ரோல் போட்டுக்கொண்டாள். டேங்கின் கழுத்துவரை ஊற்றச் சொன்னாள். பெட்ரோல் தேவை என்பது பாதிக் காரணம். இனி வழியில் நின்றால் எவனும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது மீதிப் பாதி. மூடியை இரண்டு கையாலும் முறுக்கி இறுக்கினாள். அப்படி இறுக்கினால்தான் அது மூடும்.

திரும்பும்போது ரயில் மேடுவரைக்கும்கூட வரவில்லை. ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டிச் சற்றுதூரம்தான். பாதை சமதளம், தட்டு காலி. மிதியை அழுத்தினாள், திக்கியது. சோக்கை இழுத்தாள், குலுங்கியது. ஓரமாக ஒதுக்குவதற்குள் செத்துவிட்டது.

உட்கார்ந்திருந்தாள். மேற்கே அந்தக் கோடு இப்போது சுவராக இருந்தது. வெயில் மறைந்து காற்றில் ஒரு குளிர்ச்சி வந்திருந்தது. ஆகவே சூட்டில் ஆவியானது என்று டெஸ் சொல்ல முடியாது. பாரம் இல்லை, மேடு இல்லை. பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் எல்லாம் அவள் சமையலறைக் கரண்டிகளைவிடச் சுத்தம். ஒன்றும் மாறவில்லை, டேங்க் நிறைந்ததைத் தவிர. நிறைந்ததும் சீக்கிரம் நிற்கிறது. இது என்ன நியாயம் என்று நினைத்தாள். நினைப்பு அதற்கு மேல் நகரவில்லை. மெர்வ் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான், அவள், வாயைக் கழுவு என்றிருப்பாள், அதற்குள் ஒரு வழி பிறந்திருக்கும்.

கிளெமின் சிறு வண்டி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. தொட்டி நிறைந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். இறங்கினான். கால் நீட்டி, முதுகை நிமிர்த்தி, லாரியைப் பார்த்தான்.

"பெட்ரோல் இருக்கா?"

"கழுத்துவரைக்கும் ஊத்திட்டு இப்பதான் வரேன், கிளெம்."

"சரி, சரி. இருந்தாலும் பாத்துடறேன்."

எல்வாவுக்குச் சண்டை போட மனமில்லை. இறங்கி அவனுக்குப் பின்னால் போய், தட்டின் ஓரத்தில் நின்றாள். காற்று அடங்கியிருந்தது. இடிமழைக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு அமைதி வரும். வெள்ளைக் கிளிகள்கூட வாயை மூடிக்கொள்ளும். கிளெம் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து முறுக்கினான்.

டேங்க் மூச்சு இழுத்தது.

நீளமாக, அடித்தொண்டையில், நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவன் இழுக்கிற மாதிரி. கிளெமுக்குக் கேட்கவில்லை; அவன் காதுகளுக்கு அது கேட்கிற சத்தமில்லை. குச்சியை விட்டான், எடுத்தான். மூடியை மறுபடி இறுக்கினான்.

"நிறையத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கிக் கிளிப்புகளில் இரண்டை நகர்த்தி வைத்தான். "போட்டுப் பாரு."

தொட்டதும் பிடித்துக்கொண்டது.

"கிளிப்பு நழுவியிருக்கு" என்றான் கிளெம்.

"இல்ல. நீ என்ன பண்ணின, சொல்லு."

"கிளிப்பை நகர்த்தினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் பண்ணல. பெட்ரோல் இருக்கான்னு பாத்தேன்."

"ஆமா" என்றாள் எல்வா. "எல்லாருமே பாத்தீங்க."

அவன் புரியாமல் நின்றான். அவளும் விளக்கவில்லை, இன்னும் அவளுக்கே நிச்சயம் வரவில்லை. பின்னால் வா, நான் நின்றால் இறங்காதே, எதையும் தொடாதே என்று மட்டும் சொன்னாள். லாரியைக் கிளப்பினாள். இரண்டு வேலி தாண்டியதும் முதல் திக்கல் வந்தது. இந்த முறை அவள் மிதியோடு மல்லுக்கட்டவில்லை. சாக விட்டாள். இறங்கிப் போய் மூடியை இரண்டு கையாலும் திருகினாள். அதே மூச்சு. மூடியை மூடினாள். வேறு எதையும் தொடவில்லை. குச்சி விடவில்லை, எஞ்சினைத் திறக்கவில்லை. ஏறிச் சாவியைத் திருப்பினாள். பிடித்துக்கொண்டது.

கிளெம் வண்டியில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வந்து தட்டின் அடியில் மல்லாந்து புகுந்தான். டேங்கின் தலையிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குழாய், உள்ளே காற்றுப் போவதற்கென்று, தட்டின் மரச்சட்டத்துக்குப் பின்னால் வளைந்து போகும். அதன் வாயைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று.

"குளவி" என்றான் உள்ளேயிருந்து. "மண்குளவி கூடு கட்டியிருக்கு. செங்கல்லு மாதிரி."

வேலிக்கம்பி ஒன்றை ஒடித்துக் குத்தினான். கம்பி வளைந்தது. கொஞ்சம் மண் உதிர்ந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. வருஷக்கணக்காக, ஒரு கூட்டுக்குள் ஒரு கூடாக, குழாய் நெடுகக் கட்டியிருக்கிறது. குழாயையே கழற்றிச் சுடவைத்தால்தான் போகும். வெளியே வந்து உட்கார்ந்து, பாதிக் காதைச் சொறிந்துகொண்டான்.

"எஞ்சின் உறிஞ்சிக்கிட்டே போகுது, உள்ள காத்து போக வழியில்ல. குழந்தை புட்டியை உறிஞ்சி உறிஞ்சி முலைக்காம்பு ஒட்டிக்கும் பாரு, அந்த மாதிரி. டேங்க் நிறைஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கும்." நிறுத்தினான். "ஆனா இது பழைய கூடு, எல்வா. இத்தனை வருஷம் எப்படி ஓடிச்சு?"

எல்வாவுக்கு அது கிளெம் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்த இடத்தில் அவள் லாரிச் சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

டேங்குக்கு மூடி இருந்ததே இல்லை. இருந்தது, எப்போதோ. தொலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு மெர்வ் ஒரு கந்தைத் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தான். அவனுடைய பழைய பிளானல் பைஜாமாவின் கால். ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் சொல்வாள். தூசி போகும், தீப்பொறி விழுந்தால் வண்டியோடு வயலும் எரியும், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஒரு மூடி வாங்க வக்கில்லாத வீடா இது. மெர்வ் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வான். "ஓடுதுல்ல, விடேன்."

அடக்கம் முடிந்த வாரத்தில், வீட்டுக்குள் இருக்க முடியாமல், அவள் கொட்டகையைச் சுத்தம் செய்தாள். கந்தையை உருவித் தகர டப்பாவில் மற்றக் குப்பையோடு எரித்தாள். நோயல் கடையில் போய், இருக்கிறதிலேயே நல்ல மூடி எதுவோ அதைக் கேட்டு வாங்கி வந்து இறுக்கினாள். அன்றைக்கு முழுவதும் அவளால் ஒழுங்காகச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். செய்துவிட்டு டேங்கை ஈரத்துணியால்கூடத் துடைத்தாள்.

அதைக் கிளெமிடம் சொன்னாள். இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.

கிளெம் தரையைப் பார்த்தான். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் தரையைப் பார்க்கத்தான் தெரியும். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான் கடைசியில். "குளவி அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுதான் துணி வெச்சிருப்பான்."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான்."

"மெர்வா?"

அவள் கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு என்று சொல்லக்கூடிய அளவுக்கு இல்லை.

"மூடியைத் தளர்த்தி வெச்சுட்டுப் போலாமா?" என்றான் கிளெம்.

"இந்தப் பாதையில குலுங்கிக் குலுங்கி எங்கயாச்சும் விழுந்துடும்."

"ஆமா. பழைய மூடியும் அப்படித்தான் போயிருக்கும்."

இருவரும் அதைப் பற்றி ஒரு கணம் யோசித்தார்கள். தளர்த்தி வைத்ததால் தொலைந்ததா, வெறுமனே தொலைந்ததா. கேட்பதற்கு ஆள் இல்லை. மேற்கே முதல் இடி, ரொம்ப தூரத்தில், யாரோ மரச்சாமானை நகர்த்துகிற மாதிரி உருண்டது. யோசித்தது போதும் என்று அதற்கு அர்த்தம்.

கிளெமின் மனைவி பெரில் கொடுத்தனுப்பிய ரொட்டிகள் நீலக்கோடு போட்ட பாத்திரத் துணியில் சுற்றி லாரியின் முன் இருக்கையில் இருந்தன. எல்வா ரொட்டிகளைத் தொப்பிக்குள் கொட்டிவிட்டு, துணியைச் சுருட்டி டேங்கின் கழுத்தில் அடைத்தாள். மூடியைக் கிளெமின் கையில் கொடுத்தாள்.

"பெரில் கேட்டா?"

"வேற நல்லதா வாங்கித் தரேன்னு சொல்லு."

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. லாரி ஓடியது. ரயில் மேட்டில் முழுப் பாரத்தோடு மிதியை அழுத்தினாள், ஒரு திக்கல்கூட இல்லாமல் ஏறி இறங்கியது. நோயல் போட்ட தோல் வளையமும் தன் பங்குக்கு உதவியிருக்க வேண்டும். அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். முழங்காலில் வலிதான் வந்தது. கோதுமையைக் கொட்டினாள், திரும்பினாள், இயந்திரத்தின் குழாய்க்கு அடியில் நிறுத்தினாள், நிரப்பினாள், போனாள். ரொட்டியை ஓட்டிக்கொண்டே தின்றாள். சுவர் மேலே ஏறி ஏறிப் பாதி வானத்தைப் பிடித்தது. அதன் அடியில் கதிர் அறுத்த தட்டைகள் விளக்குப் போட்டது போல மஞ்சளாகத் தெரிந்தன.

தெற்கு வயலின் கடைசித் தானியம் தட்டில் விழுந்தபோது கிளெம் இயந்திரத்தின் மேலிருந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினான். நின்று பேசவில்லை. வேலியைத் தாண்டித் தன் வயலுக்குள் நேராக இறங்கி அறுக்கத் தொடங்கிவிட்டான். கொட்டுவதற்கு இடமில்லாத கோதுமையை.

எல்வா கடைசி லோடைக் கொண்டுபோனாள். டெஸ் மாதிரி எடுத்து, உருட்டிப் பார்த்து, தலையசைத்தான். முடிஞ்சுதா என்று கேட்டான். மெர்வோடது முடிஞ்சுது என்றாள். தட்டு மேலே போனது, கோதுமை சரிந்து கம்பிக்கிராதிக்குள் இறங்கியது. அவன் மே மாதத்தில் தொட்டது அது. கடைசிக் கைப்பிடி சட்டத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. வழக்கமாகத் துடைப்பத்தால் தள்ளிவிடுவாள். அன்றைக்குத் துடைப்பத்தை எடுக்கக் கை வரவில்லை. அல்லது எடுக்கத் தெம்பில்லை. இரண்டில் எது என்று பிற்பாடும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. தட்டை அப்படியே இறக்கினாள்.

திரும்பும் வழியில் தன் வீட்டு வாசல் முதலில் வரும். தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, காயப்போட்ட இடத்திலேயே கிடக்கும் துணிகள். மழை வந்தால் நனையும். கட்டில் இருந்தது, சன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மறுநாள்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். அவள் அந்த வாசலைத் தாண்டினாள். கிளெமின் வாசலில் இறங்கி, கதவைத் திறந்து, லாரியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஆடுகள் இருக்கிற வீட்டில் கதவைத் திறந்துபோட்டு வருகிறவள் இல்லை அவள்.

கிளெமின் இயந்திரம் தொட்டி நிறைந்து நின்றுகொண்டிருந்தது. அவன் தார்ப்பாயைத் தரையில் விரித்து, மூலைக்கு ஒன்றாகக் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தான். லாரி வருவதைப் பார்த்தான். ஒரு கட்டையைக் கையில் வைத்தபடியே நின்றான். அவள் குழாய்க்கு அடியில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை, இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று தெரிந்தது.

"டெஸ் மழை விழுற வரைக்கும் திறந்து வெச்சிருக்கான்" என்றாள் சன்னல் வழியாக.

கிளெம் கட்டையைக் கீழே போட்டான். ஏதோ சொல்ல வந்தான். கடைசியில், வழக்கத்துக்கு மாறாக எதையும் சொல்லிப் பழகாத அந்த மனிதனுக்கு வந்தது அது ஒன்றுதான்.

"பெட்ரோல் இருக்கா?"

"போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். பெரிலின் பாத்திரத் துணியை உருவி, குச்சியை விட்டு, எடுத்து, ஈரத்தைப் பார்த்தான். துணியை மறுபடி சுருட்டி, அதிகம் இறுக்காமல் அடைத்தான். பிறகு ஏணியில் ஏறிக் குழாயைத் திறந்தான். கோதுமை தட்டில் விழுகிற சத்தத்தில், லாரியின் தகரக் கூரையின் மேல் முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கினவா இல்லையா என்பது எல்வாவுக்குக் கேட்கவில்லை. கியரைக் கையால் பிடித்துக்கொண்டு, நிறைவதற்காகக் காத்திருந்தாள்.